பதில் வராவிட்டால் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பலாமா? வெப் சர்வீஸ் சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. வெப் சர்வீஸ் கற்க ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஜாவாவில் இருக்கும் ஒரு சர்வரை என் பைத்தான் புரோகிராம் சோப் (SOAP, எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி அனுப்பிப் பெறும் முறை) வழியாகக் கூப்பிட வேண்டும்.

முதல் இரண்டு நாள் 415 பிழையிலேயே போனது, அதாவது அனுப்பிய தரவின் வகையை சர்வர் ஏற்கவில்லை. சோப் 1.1-க்கு கன்டென்ட்-டைப் (தரவு எந்த வகை என்று சொல்லும் குறிப்பு) 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்', 1.2-க்கு 'அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்'. நான் மாற்றி அனுப்பியிருக்கிறேன். அதைச் சரிசெய்ததும் பதில் வந்தது, சோப் செய்தியின் வெளி உறையான என்வலப்பைப் பிரித்து, அதன் உள்ளடக்கப் பகுதியான பாடிக்குள் நான் கேட்ட எண்ணைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில். ஆர்டர் பதியும் அழைப்புக்கு 30 நொடி டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் அதிகபட்ச நேரம்) வைத்திருந்தேன். பதில் வரவில்லை என்று மறுபடி அனுப்பினேன், அப்புறம் பார்த்தால் முதல் தடவையே சர்வர் வேலையை முடித்துவிட்டது, பதில் மட்டும்தான் என்னிடம் வந்து சேரவில்லை, அதனால் அதே ஆர்டர் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. ஒரே புரோகிராமுக்குள் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது இப்படி ஒரு நிலைமையை நான் யோசித்ததே இல்லை.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி ஐடி கொடுத்து, அதே ஐடி திரும்ப வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தர வேண்டும் என்று நினைக்கிறேன். சரியா? அந்த ஐடியை சோப் ஹெட்டரில் (செய்தி பற்றிய கூடுதல் தகவல் வைக்கும் பகுதி) வைப்பதா, பாடியிலா? சர்வர் அதை எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்? ரெஸ்டுக்கு (REST, சோப் இல்லாமல் நேரடியாக எச்டிடிபி வழியாக வெப் சர்வீஸ் அமைக்கும் பாணி) மாறி, எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே விளைவு தர வேண்டிய 'புட்' (PUT) கோரிக்கையைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் தீரும் என்கிறார் ஒரு நண்பர், ஆனால் சர்வர் பக்கம் அவ்வளவு மாற்ற எனக்கு வழியில்லை. இதைச் செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.