கிராஷ் 4 டிஸ்க் ஹட்டன் பக்கம் எங்க கிடைக்கும்?

வணக்கம் அண்ணாமாரே. அக்டோபர் 2, 2020ல 'கிராஷ் பண்டிகூட் 4' வீடியோ கேம் பிளேஸ்டேஷன் 4க்கு வந்துச்சு. 1998ல வந்த மூணாவது பாகத்துக்குப் பிறகு நடக்கிற கதையாம். தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) நானும் அண்ணனும் பழைய பிளேஸ்டேஷன்ல, பாறை உருண்டு துரத்துற கட்டத்துல எத்தனை தடவை செத்திருப்போம்! எக்ஸ் பட்டன் தேஞ்சு குறியே அழிஞ்சிருச்சு. புதுசுல உயிர் தீராத முறையும் இருக்காம். நமக்கு வேணாம், பழைய மாதிரியே சாவோம்.

டவுன்லோட் பண்ண வழியில்ல, பனி இறங்கினா தோட்டத்துல சிக்னல் ஒரு கோடுதான். ஹட்டன், நுவரெலியா, கண்டியில ஒரிஜினல் டிஸ்க் எடுத்துத் தர்ற கடை தெரியுமா? முன்பணம் கேப்பாங்களா? போன தடவை ஒரு கடையில கீறல் விழுந்ததைத் தலையில கட்டிட்டாங்க. விளையாடி முடிச்சு விக்கிறவங்க இருந்தாலும் சொல்லுங்க, பஸ் ஏறி வந்திடுறேன்.