முதல் ராத்திரி நாய்க்குட்டியை எங்கே படுக்க வைத்தீர்கள்? கூண்டு பழக்கிய அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து

எங்கள் பக்கத்துத் தெருவில் போன வாரம் ஒரு வீட்டில் புதுசாகக் குட்டி வாங்கி வந்து மொட்டை மாடியில் கட்டிப் போட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க அழுகை. மறுநாள் நேரில் போய்ப் பேசினேன், கீழே இறக்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து எங்கள் குட்டி மிளகு வந்த முதல் மூன்று ராத்திரிகள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன. நான் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

போன கார்த்திகையில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சாயங்காலம், எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்ற கன்டெய்னர் லாரிக்கு அடியிலிருந்து தம்பி இவனைத் தூக்கிக்கொண்டு வந்தான். கருப்பு உடம்பு, நாலு பாதமும் வெள்ளை. தாயைத் தேடி இருட்டும் வரை அங்கேயே நின்றிருக்கிறான், கிடைக்கவில்லை. மறுநாள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பல்லைப் பார்த்து, ஏழெட்டு வாரம் இருக்கும் என்றார் டாக்டர்.

அன்றைக்கு ராத்திரி ஆப்பிள் அட்டைப்பெட்டியில் துணி போட்டு, பால்கனியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டோம். வீட்டுக்குள் ஒன்றுக்குப் போய்விடுவான் என்ற பயம். பத்து மணிக்கு ஆரம்பித்த அழுகை இரண்டு மணிக்கும் நிற்கவில்லை. ஈரக்காற்று வேறு. கீழ் வீட்டு அக்கா மேலே வந்து, "இன்னாம்மா இது, கொழந்த மாதிரி அழுவுது, உள்ள எடுத்துக்கக் கூடாதா?" என்றார். திட்ட வந்தவர் அவர். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திட்ட மனசு வராமல் போயிருக்கிறது.

மறுநாளே கம்பிக் கூண்டு ஒன்று வாங்கினேன். வளர்கிற பிள்ளை, தாராளமாக இருக்கட்டும் என்று 42 அங்குலம். ஆயாவுக்கு (பாட்டிக்கு) கோபம். "பச்ச மண்ண ஜெயில்ல போடுறியாடி?" என்று அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. கழுவ வசதி என்று சமையலறையில், காஸ் சிலிண்டர் பக்கத்தில் வைத்து, உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினேன். பால்கனியில் அழுததைவிட அதிகமாக அழுதான். விடிந்து பார்த்தால் ஒரு மூலையில் மூத்திரம், இன்னொரு மூலையில் இவன் சுருண்டு கிடக்கிறான். மூன்றாம் நாளும் அதே கதை.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். இரண்டு கேள்விதான் கேட்டார். எவ்வளவு பெரிய கூண்டு? நீ எங்கே படுக்கிறாய்? படுக்கிற இடத்தை அசுத்தம் செய்ய நாய்க்குப் பிடிக்காது. ஆனால் இடம் அதிகமாக இருந்தால் ஒரு பாதியைக் கக்கூஸாக வைத்துக்கொள்ளும். நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும் என்றார். அழுகைக்குக் காரணம் கூண்டு இல்லை, தனிமை. அதுவரை தாய் வயிற்றோடு ஒட்டிப் படுத்த உயிர் அது.

கார்ப்பென்டரிடம் ஒரு ப்ளைவுட் பலகை அறுத்து வாங்கி, கூண்டின் பாதியை மறித்துக் கம்பியால் கட்டினேன். கம்பி முனைகளை வெளிப்பக்கமாக மடக்கினேன், உள்ளே இருந்தால் கண்ணில் குத்திவிடும். கூண்டைத் தூக்கி ஹாலில், என் பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். யார்டில் கூட்ஸ் வண்டி கோக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்கு நடு ராத்திரியிலும் கேட்கும், அதற்கும் திடுக்கிட்டு எழுந்துகொண்டிருந்தான். பழைய பருத்திப் போர்வையை மூன்று பக்கம் போர்த்தி, என் முகம் தெரிகிற பக்கத்தை மட்டும் திறந்து விட்டேன். சுடுதண்ணீர் பாட்டிலை இறுக்கி மூடி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி ஓரமாக வைத்தேன். கம்பி வழியாக விரலை நீட்டினேன். மோந்து பார்த்தான், நக்கினான், கொஞ்சம் முனகினான், தூங்கிவிட்டான்.

பகல் வேலைதான் முக்கியம் என்று எனக்குப் பிறகு புரிந்தது. ஐந்து நாள் கதவையே சாத்தவில்லை. தயிர்சோறோ, அவித்த முட்டையோ, எல்லாச் சாப்பாடும் கூண்டுக்குள்தான். முதலில் கிண்ணம் வாசலில். அடுத்த வேளைக்கு ஒரு ஜாண் உள்ளே. அவனாக நாலு காலையும் உள்ளே வைத்த பிறகு, சாப்பிடுகிற நேரம் மட்டும் கதவைச் சாத்தி, கிண்ணம் காலியானதும் திறந்தேன். பிறகு இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். யாரும் அவனைப் பிடித்து உள்ளே தள்ளக் கூடாது, செருப்பைக் கடித்தாலும் தண்டனையாகக் கூண்டில் போடக் கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கினேன்.

ராத்திரி அலாரம் வைத்துக்கொண்டேன். குட்டி மூத்திரத்தை அடக்குவது, வயதில் ஒரு மாசத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒரு மணி நேரம் என்பது தோராயக் கணக்கு. இரண்டு மாசக் குட்டி மூன்று மணி நேரம் அடக்கினால் பெரிய விஷயம். ஒரு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை, இரண்டு மாடி இறங்கித் தூக்கிப்போவேன். பெரிய விளக்கைப் போடுவதில்லை, கொஞ்சுவதில்லை. போய் முடித்ததும் ஒரு தடவு, திரும்பக் கூண்டு. கொஞ்சினால் அது விளையாட்டு நேரம் என்று எடுத்துக்கொள்வான்.

ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டாவது வாரம் ஆயா ஆசையாகச் சலங்கை கோத்த பெல்ட் ஒன்று கழுத்தில் கட்டினார். அன்றைக்கு மத்தியானம் கூண்டுக்குள் திரும்பிப் படுக்கும்போது சலங்கை வளையம் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்ததால் ஓடிப்போய்க் கழற்ற முடிந்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கடைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. கூண்டுக்குள் போகும்போது கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. பெல்ட், கயிறு, தாயத்து எதுவுமே.

காசிமேட்டிலிருந்து

அக்கா, நீங்க பெல்ட் பத்தி எழுதினதப் படிச்சதும் எழுந்து போய் எங்க ஜூலி கழுத்துல இருந்ததக் கழட்டிட்டுத்தான் இத எழுதுறேன்.

நம்ம பக்கம் கடல் ஓரத்துல இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். இரும்புக் கம்பிக் கூண்டு உப்புக்காத்துல நிக்காது. நான் வாங்கினது எட்டு மாசத்துல வெல்டு வெச்ச எடமெல்லாம் துரு புடிச்சு பெயின்ட் செதில் செதிலா உரிஞ்சுது. பல்லு முளைக்கிற குட்டி கம்பியத்தான் கடிக்கும், அந்தச் செதில் வயித்துக்குள்ள போவுது. இப்ப வாரம் ஒரு தடவ நல்ல தண்ணில தொடச்சு காய வெக்கிறேன், ஜன்னல் ஓரத்துலேர்ந்து உள்பக்கம் தள்ளி வெச்சிட்டேன்.

காசு இல்லாதவங்க கூண்டுதான் வாங்கணும்னு இல்ல. மொத ஒரு மாசம் எங்க அப்பா துறைமுகத்துலேர்ந்து கொண்டாந்த பழைய மீன் பெட்டிலதான் படுத்துச்சு. பக்கமெல்லாம் ஓட்டை இருக்கும், காத்து போவும், தூக்கிக் கழுவலாம். ஒரு பக்கத்த அறுத்து வாசல் மாதிரி பண்ணி, அறுத்த எடத்த உப்புத்தாள் போட்டு மழமழன்னு தேச்சோம். ஆனா மீன் வாடை போற வரைக்கும் கழுவணும். நாங்க ஒரு தடவ கழுவிட்டு விட்டுட்டோம், ராத்திரி எறும்பு மொய்ச்சு குட்டி வயிறெல்லாம் செவந்து போச்சு. எறும்புச் சாக்பீஸ் கோடு போடலாம்னு அம்மா எடுத்தாங்க, நான் விடல. அது பூச்சி மருந்து, குட்டி நக்கும். சோறு சிந்தினா ஒடனே தொடைக்கிறது ஒண்ணுதான் வழி.

பெரம்பூரிலிருந்து

ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியன். மேலே எழுதியிருப்பதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை.

எங்களுக்கு முதலில் வந்த குட்டி பதினோரு நாள்தான் இருந்தது. பார்வோ, குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய். தெரிந்த ஒருவர், தன் வீட்டுக் குட்டி இறந்துபோனதால் கூண்டும் மெத்தையும் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எதனால் இறந்தது என்று நான் கேட்கவில்லை. அதில்தான் படுக்க வைத்தேன். அந்தக் கிருமி மாசக்கணக்கில் தரையிலும் துணியிலும் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கும் பினாயிலுக்கும் சாகாது என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். கூண்டால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு வழியிலும் வந்திருக்கலாம் என்றும் சொன்னார். இருந்தாலும் அந்த மெத்தையில் படுக்க வைத்த கை என் கைதான்.

பழைய கூண்டு வாங்குகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள், முன்னால் அதில் இருந்த நாய் என்ன ஆயிற்று என்று. மெத்தை, துணி எதையும் வாங்காதீர்கள். கம்பியையும் அடித்தட்டையும் முதலில் சோப்புப் போட்டு அழுக்குப் போகத் தேய்த்துவிட்டு, முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு திரவ ப்ளீச் கலந்து பத்து நிமிஷம் ஈரமாகவே விட்டு, நன்றாக அலசி வெயிலில் காய வையுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் தொடங்குகிற தடுப்பூசி வரிசையை முடிக்கும் வரை தெரு மண்ணில் இறக்கிவிடாதீர்கள்.

இப்போது இருக்கிறவளுக்கு நாலு வயது.

வியாசர்பாடியிலிருந்து

எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் காலத்தில் போர்வை போர்த்துகிற யோசனை எங்கள் வீட்டுக்கு ஆகாது. கத்திரி வெயிலில் மத்தியானம் கூண்டைப் போர்த்தி வைத்திருந்தேன். பார்த்தால் எங்கள் குட்டி வாய் பிளந்து இளைக்கிறான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்று போகாத இடத்தில் அதுவும் முடியாது. போர்வையை எடுத்துவிட்டு, மேற்குச் சுவரிலிருந்து தள்ளி, ஃபேன் காற்று தரையில் படுகிற இடத்துக்கு மாற்றினேன். தட்டின் மேல் ஈரத்துண்டு பாதி, காய்ந்த துண்டு பாதி. எதில் படுக்க வேண்டும் என்பதை அவனே முடிவு செய்கிறான். தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியில் மாட்டுகிற மாதிரி வாங்கினால் கவிழாது.

கோணிப்பை விரிக்க வேண்டாம். மடிப்புக்குள் உண்ணி புகுந்துகொண்டால் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்பாஞ்ச் மெத்தையும் வேண்டாம், எங்கள் வீட்டில் ஒரு ராத்திரியில் பிய்த்து விழுங்கிவிட்டு இரண்டு நாள் வாந்தி.

எர்ணாவூரிலிருந்து

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். எங்கள் தெருவுக்குள் வந்த தண்ணீரில் பெட்ரோலிய எண்ணெயும் கலந்து வந்தது உங்களுக்குத் தெரியும். சுவரில் கருப்புக் கோடு ரொம்ப நாள் இருந்தது. தண்ணீர் ஏறும்போது எங்களிடம் ஐந்து மாசக் குட்டி. ஏற்கெனவே கூண்டில் தூங்கப் பழகியிருந்ததால், கதவைத் திறந்து "வீட்டுக்குப் போ" என்றதும் தானாக உள்ளே போய்ப் படுத்தது. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தோம். உறவினர் வீட்டு மாடியில் பதினாலு பேர் இருந்தோம், அதில் நாய் என்றால் பயப்படுகிற பிள்ளைகள் மூன்று பேர். கூண்டுக்குள் இருந்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதுவும் நாலு நாள் அமைதியாக இருந்தது. அதன் உடம்பில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. தெருவில் இருந்த மற்ற நாய்களை அப்படிச் சொல்ல முடியாது. நக்கி நக்கி உடம்புக்கு முடியாமல் கிடந்தன. முடிந்தவரை துடைத்துவிட்டோம்.

மறுபடி தண்டையார்பேட்டையிலிருந்து

எல்லாவற்றையும் படித்தேன். பெரம்பூர் ஐயா, உங்கள் பதிவை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவரு மேல தப்பு இல்லன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

எங்கள் மிளகுக்கு இப்போது ஒன்பது மாசம் இருக்கும். பலகையை இரண்டு தடவை பின்னால் தள்ளி, போன மாசம் எடுத்தேவிட்டேன். கூண்டுக் கதவையும் கழற்றியாகிவிட்டது. ராத்திரி ஒன்பதரைக்கு டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்கிறான். கூண்டு இப்போது ஆயா கட்டிலுக்குக் காலடியில் இருக்கிறது. அவர்தான் அங்கே வைக்கச் சொன்னார். உள்ளே விரித்திருப்பதும் அவருடைய பழைய சுங்குடிச் சேலைதான். ஓரத்து நூலெல்லாம் பிரிந்து வராதபடி தானே உட்கார்ந்து மடித்துத் தைத்திருக்கிறார்.

தனிச்செய்தியில் அளவு கேட்ட இரண்டு பேருக்கு: குட்டியின் இப்போதைய உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அதன் இனம் வளர்ந்தால் எவ்வளவு வரும் என்று பார்த்து வாங்கி நடுவில் தடுப்புப் போடுங்கள். நடுத்தர நாட்டு நாய்க்கு 36 அங்குலமே தாராளம், லேப் (லேப்ரடார்) வகைக்கு 42 வேண்டும். வாங்குமுன் கடையிலேயே கம்பி இடுக்கில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். குட்டியின் தாடை மாட்டுகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் அதை எடுக்க வேண்டாம். அடித்தட்டு இழுத்துக் கழுவுகிற மாதிரி இருக்கட்டும். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், இவன் கீழே போக வேண்டும் என்று வாசலில் நிற்கிறான்.