பட்டிப்பொல சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்: எல்லைக்கோடு உங்களைத் தொட்ட அனுபவம் உண்டா?

நானுஓயாக்காரன்:
இலங்கை மலைநாட்டில் பதுளைக் கோச்சியில் (ரயிலில்) போனவர்களுக்குத் தெரியும். பட்டிப்பொலையில் தூறலும் பனியுமாக இருக்கும். சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஒகியாப் பக்கம் பல நாள் நல்ல வெயில். பட்டிப்பொல மத்திய மாகாணம், ஒகியா ஊவா மாகாணம். என் அக்காவுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது அப்புத்தளைப் பக்கம். கல்யாணம் கட்டியது நானுஓயாவில். கைக்குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு ஞாயிறு பின்னேரம் கோச்சி ஏறுவாள். இடமாற்றம் கேட்டால், “அது வேறு மாகாணம், ரெண்டு பக்கமும் சம்மதிக்கணும்” என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கோட்டை யார் போட்டது என்று அன்றுதான் தேட ஆரம்பித்தேன்.

1815இல் கண்டியைப் பிடித்த வெள்ளைக்காரனை 1817-18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி நன்றாக ஆட்டிவிட்டது. 1833இல், நிர்வாகத்தை ஆராய வந்த கோல்புறூக் விசாரணைக்குப் பிறகு தீவை ஐந்து மாகாணமாக்கியபோது, கண்டி நாட்டைத் துண்டு போட்டுக் கரையோரங்களோடு ஒட்டினார்கள். நுவரகலாவிய வடக்கோடு, தமன்கடுவையும் பிந்தென்னையும் கிழக்கோடு, ஏழு கோறளை மேற்கோடு, சப்ரகமுவவும் வெல்லஸ்ஸவும் தெற்கோடு. உள்நாட்டில் இருக்கும் வெல்லஸ்ஸ எங்கே, கடலோரக் காலி எங்கே! கண்டியர் என்ற ஒற்றுமை திரும்பத் தலைதூக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. அப்புறம் 1886இல் ஊவாவையும் 1889இல் சப்ரகமுவவையும் தனி மாகாணமாக்கினார்கள். இடையில் வடமேல், வடமத்திய மாகாணங்களும் பிரிந்திருந்ததால் அன்று மொத்தம் ஒன்பது ஆனது; இன்றும் அதே ஒன்பதுதான். 1987இல் மாகாண சபைச் சட்டம் வந்த பிறகு பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கைக்குப் போனதால், அந்தப் பழைய கோடு என் அக்காவின் கோச்சிப் பயணமாகிவிட்டது.

பொகவந்தலாவைப் பிள்ளை:
அண்ணா, எங்களுக்கு நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே எல்லைப் பிரச்சினை. அட்டனைச் சுற்றி, மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை என்று இத்தனை தோட்டத்துக்கும் அம்பகமுவ என்ற ஒரே பிரதேச சபைதான் (உள்ளூராட்சி சபை) இருந்தது. லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பாதையில் மழைக்குப் பள்ளம் விழுந்து அப்பா கால் முறிந்து கிடந்தார். பாதையைத் திருத்தக் கேட்டுப் போனால், “தோட்டக் காணி, சபைக் காசு போட முடியாது” என்றார்கள். 1987 பிரதேச சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். அதே வருஷம் பெப்ரவரித் தேர்தலில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைக்குத் தனிச் சபைகள் வந்தன. நோர்வூட் என்று எழுதிய வாக்காளர் அட்டையை அப்பா மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அக்காவுக்கு மாற்றம் கிடைத்ததா?

நானுஓயாக்காரன்:
கிடைத்தது தங்கச்சி, ஆறாவது வருஷம். அதற்குள் மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். இப்போதும் கோச்சி அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான்.