ஓப்பன் பாட் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போட்ட பிறகு எஞ்சின் லைட் எரிகிறது (வியோஸ் 1.5)

கல்பாதை_93 கேட்டது:

வணக்கம். கார் டொயோட்டா வியோஸ் 1.5, மாடல் கோட் என்சிபி93, ஆட்டோ கியர். ஒரிஜினல் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, எண்ணெய் போடும் பருத்தித் துணி வகை ஓப்பன் பாட் (பெட்டி இல்லாமல் திறந்தபடி நிற்கும் ஏர் ஃபில்டர்) மாட்டி 9 மாதம் ஆகிறது. ஊர் மலேசியாவில் சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை. தினமும் தென்னைமரம் என்ற செம்பனைத் தோட்டத்துப் பக்கம் 6 கிலோமீட்டர் கல் பாதை. வெயில் நாளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி முன்னால் போனால் கண்ணாடியே தெரியாது, அவ்வளவு புழுதி.

கடந்த சனிக்கிழமை ஃபில்டரைக் கழுவினேன். கிளீனர், எண்ணெய் இரண்டுமே ஃபில்டருக்கென்று விற்கும் செட்தான். காற்று பம்பால் ஊதிக் காயவைத்து, உள்ளேயும் வெளியேயும் எண்ணெய் ஸ்ப்ரே அடித்து, அன்று மாலையே மாட்டிவிட்டேன். இரண்டு நாளில் எஞ்சின் லைட், கோட் பி0171. மேட்டில் மிதித்தால் இழுவை இல்லை. எண்ணெய் அதிகமாகிவிட்டதா? இந்தப் பாதைக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

பட்டறை_மேசை:

தம்பி, பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. உங்கள் காரில் உள்ளே போகும் காற்றை அளப்பது ஏர்ஃப்ளோ சென்சார். அதில் உள்ள மெல்லிய கம்பி எப்போதும் சூடாக இருக்கும். காற்று பட்டு எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துத்தான் அளவு தெரிகிறது. ஃபில்டரில் மிஞ்சிய எண்ணெய் காற்றோடு போய் அந்தக் கம்பியில் ஒட்டி, மேலே புழுதியும் படிந்தால் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். வந்த காற்றைக் குறைவாகக் காட்டும், பெட்ரோலும் குறைவாகவே ஊற்றப்படும்.

முதலில் சென்சாரைச் சுத்தம் செய்யுங்கள். சாவியை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு ஸ்க்ரூவை எடுத்தால் கையில் வந்துவிடும். ஏர்ஃப்ளோ சென்சார் கிளீனர் என்றே தனி ஸ்ப்ரே உண்டு, அது மட்டும்தான். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் வேண்டாம். பிளாஸ்டிக்கையும் பூச்சையும் அரித்துவிடும். கம்பியைக் காட்டன் பட்டாலோ விரலாலோ தொடவே கூடாது. 10, 15 முறை விட்டு விட்டு அடித்து, ஒரு மணி நேரம் தானாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

இனி ஃபில்டர். இப்போது போட்ட எண்ணெயை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்வதே நல்லது. காய்ந்த புழுதியை மெதுவாகத் தட்டி உதிர்த்து, கிளீனரை இரு பக்கமும் அடித்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். நிழலில் வைத்து ஊறவையுங்கள், துணியிலேயே கிளீனர் காய்ந்துவிடக் கூடாது. பிறகு குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடவிடுங்கள். வெளியிலிருந்து அடித்தால் மணல் துணிக்குள்ளேயே இறங்கும். கார் கழுவும் பிரஷர் துப்பாக்கி வேண்டாம்.

காயவைப்பதில்தான் பெரிய தவறு செய்திருக்கிறீர்கள். காற்று பம்பின் அழுத்தம் பருத்தி நூல்களை விலக்கிவிடும். ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்காவது ஊசி முனை அளவு வெளிச்சம் நேராகத் தெரிந்தால் அந்த ஃபில்டரின் கதை முடிந்தது, புதிதாக வாங்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஃபேன் அடியில் ஓர் இரவு முழுக்க வைத்தால்தான் மடிப்பின் அடி காயும். ஈரத்தின் மேல் போட்ட எண்ணெய் பரவாது.

எண்ணெய் வெளிப்பக்கம் மட்டும். ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரே ஒரு கோடு. 20 நிமிடம் விட்டால் தானே ஊறி அடிவரை இறங்கும். சிவப்புச் சாயம் கலந்திருப்பதே பரவியது தெரிவதற்காகத்தான். வெளுத்துத் தெரியும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு. பெட்டித் தாளில் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு. சாதாரண அளவு பாட் என்றால் 30 மில்லிக்குள் அடங்கிவிடும். சமையல் தராசு இருந்தால் காய்ந்த எடையையும் எண்ணெய் போட்ட எடையையும் குறித்து வையுங்கள், அடுத்த முறை குழப்பம் வராது. டிஷ்யூவில் ஒற்றினால் சொட்டாக ஈரம் தெரியக் கூடாது. ஓர் இரவு விட்டு மாட்டுங்கள்.

எஞ்சின் ஆயில், கியர் ஆயில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது துணியில் நிற்காது, வழிந்து நேரே சென்சாருக்குப் போகும்.

டிரிம்_கணக்கு:

மேலே சொன்னது சரி. ஆனால் எண்ணெய் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) இருந்தால் நீண்டகால ஃபியூல் டிரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்பதை, ஐட்லிங்கிலும் (கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது) 2,500 ஆர்பிஎம்மிலும் பாருங்கள்.

ஐட்லிங்கில் அதிகம், வேகம் கூடினால் குறைகிறது என்றால் சென்சாருக்குப் பிறகு எங்கோ காற்று கசிகிறது. கிளாம்ப், ரப்பர் முழங்கை, வேக்கம் ஹோஸ் பாருங்கள். ஐட்லிங்கில் குறைவு, சுமை கூடக் கூட ஏறுகிறது என்றால் சென்சாரில் அழுக்கு. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் பாட்டோடு வந்த அடாப்டர் குழாயை (சென்சாரைப் பொருத்தும் குழாய்) சந்தேகப்படுங்கள்.

கல்பாதை_93:

நன்றி அண்ணே. சென்சாரைக் கழுவும் முன்பு டிரிம் ஐட்லிங்கில் +13 சதவீதம், 2,500இல் +21. கழுவிய பிறகு +12, +13. லைட்டை அழித்துவிட்டேன், இழுவை திரும்பிவிட்டது. ஆனால் 12க்குக் கீழே இறங்கவில்லை.

டிரிம்_கணக்கு:

அப்படியானால் இரண்டு கோளாறு ஒன்றின் மேல் ஒன்று இருந்திருக்கிறது. ஒன்பது மாதமாகவே +12 அளவில் ஓடியிருக்கும். அது கோட் எழுதும் எல்லைக்குக் கீழே என்பதால் லைட் வரவில்லை. எண்ணெய் அதை எல்லைக்கு மேலே தள்ளியது.

என்சிபி93இல் சென்சார் உட்கார்ந்திருப்பது ஏர் பாக்ஸ் மூடியில். பாக்ஸை எடுத்தால் அடாப்டர் குழாயில் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரின் கணக்கு ஒரிஜினல் குழாயின் உள்விட்டத்துக்கானது. பழையது 60 மில்லிமீட்டர், புதியது 64 என்று வையுங்கள். குழாயின் பரப்பு 14 சதவீதம் கூடும், அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் 12 சதவீதம் குறைவாகப் படிக்கும். கழற்றி வைத்த மூடி வீட்டில் இருந்தால் வெர்னியர் காலிபரால் இரண்டின் உள்விட்டத்தையும் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் அடாப்டரை மாற்ற வேண்டும். சென்சாரைத் திருப்பி மாட்டாமல் காற்றுத் திசை அம்புக்குறியையும் பாருங்கள்.

செம்பனை_ஓரம்:

எத்தனை மாதம் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பெட்டியில் 80,000 கிலோமீட்டர் என்றெல்லாம் போட்டிருக்கும், அது தார் ரோட்டுக் கணக்கு. இந்தப் பாதைக்கு மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள், ஆனால் பார்த்தபோதெல்லாம் கழுவாதீர்கள். மேலே லேசாகப் படிந்த புழுதியே அடுத்து வரும் நுண்துகளைப் பிடிக்கும். வெளியே உள்ள கம்பி வலை புழுதியில் மறையத் தொடங்கும்போது கழுவினால் போதும்.

அதைவிட முக்கியம், ஃபில்டருக்குப் பின்னால் குழாய்க்குள் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது. மெல்லியதாகக் கிரீஸ் தடவி ஒரு வாரம் ஓட்டிவிட்டு விரலால் தேய்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நறநறவென்று மணல் பட்டால் புழுதி உள்ளே போகிறது. ரப்பர் வாய் இறுகிப் போய் கிளாம்ப் பிடிக்காததாலும் இருக்கலாம், துணியே விட்டதாலும் இருக்கலாம். எந்த வழியில் போனாலும் அந்த மணல் தேய்ப்பது பிஸ்டன் ரிங்கைத்தான்.

என் கருத்தைக் கேட்டால், தினமும் லோரிக்குப் பின்னால் புழுதியில் போகிற காருக்கு ஒரிஜினல் பாக்ஸும் பேப்பர் ஃபில்டரும்தான் சரி. நுண்புழுதியைப் பேப்பர் நன்றாகப் பிடிக்கும், எண்ணெய்த் தொல்லை இல்லை, எஞ்சின் சூட்டுக் காற்றையும் இழுக்காது. அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பாட்தான் வேண்டும் என்றால் பம்பருக்குக் கீழே இறக்கி மாட்டாதீர்கள். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒரு மடக்கு உள்ளே போனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

கல்பாதை_93:

அளந்துவிட்டேன். அடாப்டர்தான் பெரிது, மூன்றரை மில்லிமீட்டர். பழைய பாக்ஸ் ஸ்டோரில் இருக்கிறது, மூடியின் இரண்டு கிளிப் உடைந்திருக்கிறது. கிளிப் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

பட்டறை_மேசை:

புதிதாகத் தேடாதீர்கள். பழைய சாமான் கடையில் முழு பாக்ஸாகவே கேளுங்கள், என்சிபி93 என்று சொல்லி. வாங்கும் முன் மூடியைப் பூட்டிப் பார்த்து, உள்ளே டார்ச் அடித்து, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள்.