பின்கட்டு அறையில் வைஃபை: இரண்டாவது கருவி வாங்கும் முன் ஒரு விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருப்பது தடித்த செங்கல் சுவர்களைக் கொண்ட பழைய வீடு. ரவுட்டர் முன்கூடத்தில் இருக்கிறது. அங்கிருந்து பின்கட்டு அறை 12 மீட்டர் தொலைவுதான் என்றாலும், இடையில் மூன்று சுவர்களும் ஓர் இரும்பு பீரோவும் குறுக்கிடுகின்றன.

கைபேசிச் செயலியில் வைஃபை சமிக்ஞையின் வலிமையை அளந்தபோது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரவுட்டரிலிருந்து 3 மீட்டரில் −42 டிபிஎம் (சமிக்ஞைத் திறனின் அலகு; எண் கீழே போகப் போக வலிமை குறைவு) என்றும், பின்னறையில் −78 என்றும் காட்டியது. 5 கிகாஹெர்ட்ஸ் அங்கே எட்டவே இல்லை. 10 டெசிபல் குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகும் என்பதால், இந்த 36 டெசிபல் இழப்பு ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு. தடையற்ற வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 3 மீட்டர் 12 ஆக இருமுறை இரட்டிப்பாவதால், அந்தக் கணக்கில் தொலைவால் போனது 12 மட்டுமே, மீதி 24-ஐச் சுவர்களும் பீரோவும் விழுங்கிவிட்டன என்று நினைக்கிறேன். இந்தக் கணக்கு சரியா?

எனக்குப் புரியாதது வேறு. இரவு ஒன்பது மணிக்கும் அளவு அதே −78தான். ஆனால் வேகம் படுத்துவிடுகிறது. அக்கம்பக்கத்து வலையமைப்புகள் பலவும் 6ஆம் சேனலிலேயே (அலைவரிசையின் ஒரு பிரிவு) இருப்பதால், 1 அல்லது 11-க்கு மாறினால் பலன் கிடைக்குமா?

கடைக்காரர் நீண்ட ஆன்டெனா கொண்ட ரவுட்டரைப் பரிந்துரைக்கிறார். கைபேசியும் பதில் அனுப்பியாக வேண்டுமே, அதன் அனுப்பும் திறன் அதிகரிக்காதே என்பது என் ஐயம். சமிக்ஞையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரா, கேபிள் இழுத்து இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட்டா (வைஃபை தரும் கருவி) என்பதை, பழைய வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.