புதுப்பிப்பு: 'ஆர்டர்' ஒன்றுக்கு ஸ்பானியத்தில் மூன்று

ஒரு செயலியின் ஆங்கிலச் சொற்பட்டியலை ஸ்பானியத்துக்கு மாற்றும்போது, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஸ்பானியச் சொல்லை எல்லா இடங்களிலும் வைத்தால் போதாதா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது என்று பலர் சொன்னீர்கள். பட்டியலை மறுபடியும் முழுவதுமாகப் பார்த்த பின் அதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னை மிகவும் அலைக்கழித்த சொல் 'ஆர்டர்'. பொருள் வாங்கக் கோருவது என்றால் 'பெதிதோ'. வரிசை அல்லது ஒழுங்கு என்றால் ஆண்பாலில் 'எல் ஓர்தென்'. கட்டளை என்றால் அதே சொல் பெண்பாலில் 'லா ஓர்தென்'. எல்லாவற்றுக்கும் 'ஓர்தென்' என்றே நான் எழுதியிருந்ததால், வாங்கியவற்றின் பட்டியல் ஸ்பெயின்காரர் கண்ணுக்கு "என் கட்டளைகள்" என்பதுபோல் தோன்றியிருக்கும். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் கொள்முதலுக்கும் 'ஓர்தென்' வழங்குகிறது என்றாலும், இரு கரையிலும் குழப்பம் தராத 'பெதிதோ'வையே தேர்ந்தேன். (கடையிலும் நீதிமன்றத்திலும் 'ஆர்டர்' என்றே சொல்லிப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்தச் சிக்கல் எளிதில் உறைப்பதில்லை.)

'ஃப்ரீ' சுலபமாக முடிந்தது: விலையில்லாதது 'கிராதிஸ்', காலியாக உள்ள இடம் 'லீப்ரெ'. 'ஓப்பன்' அப்படியல்ல, பொத்தானில் அது 'அப்ரீர்' என்ற வினை, நிலையைக் காட்டும்போதோ பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப 'அபியெர்தோ' அல்லது 'அபியெர்தா'. ஆகவே செயலியின் மொழிபெயர்ப்புகளைத் தொகுத்து வைக்கும் கெட்டெக்ஸ்ட் கோப்பில் இத்தகைய ஒவ்வொரு சொல்லுக்கும் சூழல் குறிப்பைத் தனித்தனியாகச் சேர்த்து, பதிவுகளைப் பிரித்துவிட்டேன்.