எல்எம்2907: ரிப்பிள் போனால் வேகமும் போகிறது, வழி உண்டா?

லேத்_தம்பி:
பழைய லேத் ஒன்றின் ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) வேகத்தைக் காட்ட எல்எம்2907 (பல்ஸ் வரும் வேகத்தை வோல்டேஜாக மாற்றும் சிப்) போட்டிருக்கிறேன். ஸ்பிண்டிலில் ஒரே ஒரு காந்தம், எதிரே ஹால் சென்சார் (காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு பல்ஸ் தரும்). அதிகபட்சம் 3000 ஆர்பிஎம், அதாவது 50 ஹெர்ட்ஸ், அப்போது 5 வோல்ட் வேண்டும். சப்ளை 12 வோல்ட், ரெசிஸ்டர் ஆர்1 100 கிலோ ஓம், பல்ஸுக்குப் பல்ஸ் சார்ஜ் தள்ளும் கெப்பாசிட்டர் சி1 82 நானோ ஃபாரட். அவுட்புட்டை வடிகட்டும் கெப்பாசிட்டர் சி2-வை 1 மைக்ரோ ஃபாரட் வைத்தால் அவுட்புட் அரை வோல்ட் ஆடுகிறது (இந்த ரிப்பிள்தான் தொல்லை), மீட்டர் முள் நடுங்குகிறது. 10 மைக்ரோ வைத்தேன், முள் அடங்கியது, ஆனால் வேகத்தை மாற்றினால் புது அளவுக்கு வந்து நிற்க நாலைந்து விநாடி ஆகிறது. 4.7 போட்டால் இரண்டு தொல்லையும் பாதிப் பாதி. அப்புறம் இதே வோல்டேஜை வைத்து மோட்டார் வேகத்தையும் கட்டுப்படுத்தலாம் என்று ஆசை. சி2-க்குச் சரியான மதிப்பு எது?

பழைய_சாலிடர்:
தம்பி, அப்படி ஒரு மதிப்பு கிடையாது, அதனால்தான் கிடைக்கவில்லை. ரிப்பிள் ஏறக்குறைய சப்ளையில் பாதி பெருக்கல் சி1 வகுத்தல் சி2 (வேகம் கூடும்போது இதைவிடக் கொஞ்சம் குறையும்). 6 வோல்ட்டை 82/1000 ஆல் பெருக்கினால் 0.49, நீங்கள் பார்த்த அதே அரை வோல்ட். 10 மைக்ரோவுக்கு 49 மில்லிவோல்ட். ஆனால் டைம் கான்ஸ்டன்ட் (அவுட்புட் புது அளவுக்கு நகரும் மெதுத்தன்மையின் அளவு) ஆர்1 பெருக்கல் சி2, அது 0.1 விநாடியிலிருந்து 1 விநாடி ஆகிவிடுகிறது, ஒரு சதவீதத்துக்குள் வர அதைப்போல் 4.6 மடங்கு. சரி, ஆர்1-ஐக் குறைக்கலாமே என்றால், 5 வோல்ட் வர சி1-ஐ அதே அளவு கூட்ட வேண்டும், ரிப்பிளும் கூடவே ஏறும். எங்கே சுற்றினாலும் அதே இடம்தான்.

கையில் இருக்கும் ஒரே துருப்பு பல்ஸ் எண்ணிக்கை. சுற்றுக்கு 60 பல்ஸ் வந்தால் சி1 1.5 நானோ போதும் (ஆர்1-ஐ 93 கிலோ ஓம் பக்கம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்துச் சரிசெய்யுங்கள்). அதே 1 மைக்ரோ, அதே 0.1 விநாடி, ரிப்பிள் வெறும் 9 மில்லிவோல்ட். 60 பல்லில் இன்னொரு சுகம், ஹெர்ட்ஸ் எவ்வளவோ ஆர்பிஎம்மும் அவ்வளவே.

லேத்_தம்பி:
அறுபது காந்தம் எங்கே ஒட்டுவது? ஆறு ஒட்டட்டுமா?

கபிலா:
ஆறு ஒட்டினால் 1 மைக்ரோவில் சுமார் 90 மில்லிவோல்ட் வரும். ஆனால் இடைவெளி துல்லியமாக இல்லாவிட்டால் சுற்றுக்கு ஒருமுறை வரும் பழைய ஆட்டம் பின்கதவு வழியாக வந்துவிடும், அதை வடிகட்ட மறுபடியும் பெரிய சி2 கேட்கும். சிப்பின் உள்ளே இருக்கும் ஆப்ஆம்பை (ஆம்ப்ளிஃபயர்) இரண்டு போல் பட்டர்வொர்த் ஃபில்டராக்கும் (ஒரே கெப்பாசிட்டரைவிடக் கூர்மையாக ரிப்பிளை வெட்டும் வடிகட்டி) படம் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது, அதே ரிப்பிளுக்கு ஒரே பெரிய சி2-வைவிட வேகமாக நிலைக்கு வரும். ஒன்று மட்டும் கவனம்: கணக்கைக் குறைந்த வேகத்தில் போடுங்கள். 300 ஆர்பிஎம்மில் ஒரு காந்தம் என்றால் 5 ஹெர்ட்ஸ், இந்த சிப் இரண்டு அரைச் சுழற்சியிலும் சார்ஜ் தள்ளுவதால் ரிப்பிள் 10 ஹெர்ட்ஸில் வரும். 3000-க்குப் போட்ட ஃபில்டர் அங்கே கையை விரித்துவிடும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் லூப்புக்கு என்றால் ஃபில்டரின் தாமதமும் லூப்புக்குள் போய்விடும், மோட்டார் ஏறி இறங்கி ஊசலாடும். நானாக இருந்தால் ஆர்டுயினோவில் இரண்டு பல்ஸுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்துவிடுவேன், ஆனாலும் ஒரே காந்தம் என்றால் 300 ஆர்பிஎம்மில் 200 மில்லிவிநாடிக்கு ஒரு செய்திதான் கிடைக்கும், அதற்கு நடுவே என்ன நடந்தது என்று எந்த சர்க்யூட்டுக்கும் தெரியாது.

பழைய_சாலிடர்:
லேத்தோடு சேஞ்ச் கியர் (மாற்றி மாட்டும் பல்சக்கரங்கள்) வந்திருக்குமே, அதில் 60 பல் ஒன்று கிடக்கிறதா பாருங்கள். இரும்புப் பல்லுக்கு மேக்னடிக் பிக்கப் (பல் கடக்கும்போது சிக்னல் தரும் காந்தச் சுருள்) போதும், பூஜ்யத்தைத் தாண்டி ஏறி இறங்கும் அந்த சிக்னலுக்காகவே இந்த சிப்பின் இன்புட்டை அமைத்திருக்கிறார்கள். சி1-க்குக் கண்ட செராமிக்கையும் போடாதீர்கள், சூடேறினால் அளவே நகரும். பாலியெஸ்டர் ஃபிலிம் அல்லது என்பி0 (சூட்டுக்கு அளவு நகராத செராமிக் வகை).

லேத்_தம்பி:
பெட்டியைக் குடைந்தேன், 60 பல் கியர் இருக்கிறது! ஓரத்தில் ஒரு பல் லேசாக உடைந்திருக்கிறது, அது கபிலா சொன்ன சுற்றுக்கு ஒருமுறை ஆட்டத்தைக் கொடுக்குமா?

கபிலா:
கொடுக்கும். உடையாத பக்கமாக பிக்கப்பை நகர்த்தி வையுங்கள், பல்லின் அகலம் முழுக்கவா உடைந்திருக்கிறது?